சிஸ்டர் என்ற சொல்லும் சம்பளப் பட்டியலும்

இரண்டு வருஷத்துக்கு முன், ஐப்பசி மழை பிடித்திருந்த ஒரு மாலை நேரம், எலுமிச்சை கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிற நண்பர் தன் மகளையும் அழைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. "அண்ணாச்சி, எல்லாம் இங்கிலீஷ்ல கெடக்கு. பிள்ளை புரியுதுன்னுதான் சொல்லுதா. எனக்குத்தான் பயமா இருக்கு. நீங்க ஒரு தடவை வாசிச்சுச் சொல்லிருங்க" என்றார்.

ஓய்வு பெற்ற குமாஸ்தாவுக்கு ஊரில் மிச்சம் இருக்கிற மரியாதை இதுதான். யாராவது காகிதத்தைக் கொண்டுவந்து நீட்டுவார்கள்.

பையில் மூன்று காகிதங்கள் இருந்தன. ஒன்று, அந்தப் பெண் வேலை பார்த்த தனியார் ஆஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுத்த பாண்டு பத்திரத்தின் நகல். இரண்டாவது, பாங்கில் வாங்கிய படிப்புக் கடனின் கணக்கு. மூன்றாவது, வளைகுடாவுக்கு அனுப்புவதாகச் சொன்ன ஏஜென்டின் சீட்டு. அவள் நாலு வருஷம் பி.எஸ்.சி. நர்சிங் படித்தவள். சம்பளம் மாதம் ஒன்பதாயிரம். கடன் தவணை ஐயாயிரத்துச் சொச்சம். பஸ் செலவு போக வீட்டுக்கு என்ன வரும் என்று நான் கணக்குப் போடவில்லை. அவளே போட்டு வைத்திருந்தாள்.

நான் பணியில் இருந்த காலத்தில் பாதிக்கு மேல் சம்பளப் பட்டியல் போடுகிற பிரிவில்தான் கழிந்தது. ஒரு வேலைக்கு என்ன சம்பளம், அது ஏன் அந்தச் சம்பளம் என்று யோசிக்கிற கெட்ட பழக்கம் அங்கே வந்தது. உயிரைக் காப்பாற்றுகிற வேலைக்கு ஒன்பதாயிரம் என்று யார், எப்போது முடிவு செய்தார்கள்? அன்றைக்கு எழுந்த இந்தக் கேள்விக்கு, படித்ததையும் பார்த்ததையும் வைத்து எனக்குப் பட்டதை எழுதுகிறேன்.

நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதை முன்பே எழுதியிருக்கிறேன். எங்கள் சின்ன வயதில் ஆஸ்பத்திரி என்றாலே வெள்ளை அங்கி போட்ட கன்னியாஸ்திரிகள்தான் நினைவுக்கு வருவார்கள். க்ளூனி புனித சூசையப்பர் சபையைச் சேர்ந்த அவர்கள் 1827-ல் புதுச்சேரிக்கு வந்தவர்கள். பள்ளிக்கூடமும் நடத்தினார்கள், நோயாளிகளையும் பார்த்தார்கள். அவர்களை 'ஸேர்' என்று அழைப்போம், சகோதரி என்று அர்த்தம். இங்கிலீஷ்காரன் ஆஸ்பத்திரியிலும் வார்டு தலைமை நர்ஸுக்கு 'சிஸ்டர்' என்றுதான் பெயர். நம் ஊரிலும் ஊசி போட வருகிற பெண் எந்த மதமானாலும் சிஸ்டர்தான்.

இந்தச் சொல்லுக்குள் ஒரு சம்பளக் கதை இருக்கிறது. கன்னியாஸ்திரிக்குச் சம்பளம் கிடையாது. சோறும் துணியும் தங்குமிடமும் மடம் கொடுக்கும், மீதி கடவுள் கணக்கு. ஐரோப்பாவில் பல நூறு வருஷம் நோயாளிக்குப் பணிவிடை செய்தது பெரும்பாலும் இவர்கள்தான். பாரிஸ் நகர ஆஸ்பத்திரிகளில் 1878-க்குப் பிறகு அரசியல் காரணங்களுக்காகக் கன்னியாஸ்திரிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றிச் சம்பளத்துக்கு ஆள் வைத்தார்கள். அப்போதுதான் அந்த வேலைக்கு விலை என்ன என்ற கேள்வியே வந்தது. இலவசமாகக் கிடைத்துக்கொண்டிருந்த ஒன்றுக்கு யார் நியாயமான விலை கொடுப்பார்கள்? மடத்தை விட்டு வெளியே வந்த வேலை 'சேவை' என்ற பட்டத்தையும் கூடவே கொண்டுவந்துவிட்டது. டாக்டர் செய்வதும் சேவைதான். ஆனால் டாக்டரிடம் யாரும் "சேவைதானே, சம்பளம் எதற்கு" என்று கேட்பதில்லை.

நம் பக்கம் வேறொரு சிக்கலும் சேர்ந்துகொண்டது. மதராஸ் ஜெனரல் ஆஸ்பத்திரியில் 1871-ல் நர்ஸ் பயிற்சி தொடங்கியது. இந்தியாவில் முறையான பயிற்சிக்கு முதல் இடம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909-ல் பயிற்சி ஆரம்பித்தார். அங்கே 1946-ல் பட்டப்படிப்பும் வந்துவிட்டது. நாசரேத்திலும் நெய்யூரிலும் மிஷன் ஆஸ்பத்திரிகள் இருந்தன. ஆனால் படிக்கப் போனது யார்? ஆங்கிலோ இந்தியப் பெண்கள், கிறிஸ்தவப் பெண்கள், ஆதரவற்ற விதவைகள். மற்ற வீடுகளில் விடமாட்டார்கள். எவனோ ஒருவனின் மலத்தையும் சீழையும் துடைக்கிற வேலை, ஆண்களைத் தொடுகிற வேலை, ராத்திரியில் வெளியே தங்குகிற வேலை என்று பெயர். என் மனைவியின் அத்தை ஒருவர் அந்தக் காலத்து எட்டாம் வகுப்பு. நர்ஸ் படிப்புக்கு மனுப் போட்டார் என்பதற்காக ஆறு மாதம் வீட்டில் யாரும் அவரோடு பேசவில்லையாம். மதிப்புக் குறைந்த வேலைக்குச் சம்பளமும் குறைவு. சம்பளம் குறைந்ததால் மதிப்பும் ஏறவில்லை.

மதராஸ் மாகாணம் 1926-லேயே நர்ஸ்களையும் மருத்துவச்சிகளையும் பதிவு செய்யச் சட்டம் கொண்டுவந்தது. பதிவேடு வந்ததே தவிர ஆட்கள் பெருகவில்லை. 1946-ல் போர் கமிட்டி என்று ஒன்று நாட்டின் சுகாதார நிலைமையை ஆராய்ந்து அறிக்கை கொடுத்தது. போர் என்றால் யுத்தம் இல்லை, சர் ஜோசப் போர் என்பவர் அதன் தலைவர். 6,300 பேருக்கு ஒரு டாக்டர், 43,000 பேருக்கு ஒரு நர்ஸ் என்று அதில் கணக்கு. நர்ஸ்கள் வேலை செய்கிற நிலைமை மிக மோசம் என்றும் அதில் எழுதியிருந்தார்கள். அதாவது சுதந்திரம் வருவதற்கு முன்பே அரசாங்கக் காகிதத்தில் ஏறிவிட்ட விஷயம் இது. நாமெல்லாம் அந்தக் கோப்பைக் கட்டி அலமாரியில் வைத்தோம்.

இனி மலைக்கு அந்தப் பக்கம் போவோம். புளியங்குடியிலிருந்து தென்காசி, செங்கோட்டை, புளியரை தாண்டினால் ஆரியங்காவு. அங்கிருந்து கொல்லம். நம் எலுமிச்சை லாரி இந்த வழியாகத்தான் தினமும் கேரளா போகிறது. 1956 நவம்பர் வரை செங்கோட்டையே திருவிதாங்கூரோடுதான் இருந்தது. அவ்வளவு பக்கம். ஆனால் வெளிநாடு போகிற விஷயத்தில் இரண்டு பக்கமும் வேறு வேறு வழியில் போயின. நம் பக்கம் கப்பல் ஏறியது ஆண்கள். கடையநல்லூர், தென்காசிக்காரர்கள் சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும் போனார்கள். சிங்கப்பூரில் கடையநல்லூர் பெயரிலேயே ஒரு சங்கம் 1941-லிருந்து இருக்கிறது. சபராளி என்றால் எங்கள் பக்கம் ஆண்பிள்ளைதான். பெண் போவது கணவன் பின்னால் மட்டும்.

மலைக்கு அந்தப் பக்கம் பெண்கள் முதலில் போனார்கள். 1960-களில் மேற்கு ஜெர்மனியின் சர்ச் ஆஸ்பத்திரிகளில் பணிவிடைக்கு ஆள் இல்லை. கேரளத்துப் பாதிரியார்கள் மூலமாகப் பள்ளிப் படிப்பு முடித்த கத்தோலிக்கப் பெண்களை அங்கே அழைத்துப்போய்ப் பயிற்சி கொடுத்து வேலைக்கு வைத்தார்கள். ஆயிரக்கணக்கில் போனார்கள். 1970-களின் பிற்பகுதியில் ஜெர்மனியில் வேலை நெருக்கடி வந்ததும் பலருக்கு அனுமதியைப் புதுப்பிக்கவில்லை. பதினைந்து வருஷம் அங்கே உழைத்தவள் பெட்டியைக் கட்ட வேண்டியதாயிற்று. அமெரிக்கா 1965-ல் குடியேற்றச் சட்டத்தை மாற்றியதும் சிலர் அங்கே போனார்கள். 1973-ல் எண்ணெய் விலை ஏறி வளைகுடாவில் ஆஸ்பத்திரிகள் முளைத்தபோது, தயாராக இருந்ததும் அவர்கள்தான்.

அந்தப் பக்கம் ஏன் முடிந்தது, இந்தப் பக்கம் ஏன் முடியவில்லை? அங்கே பெண்பிள்ளைகள் அதிகம் படித்தார்கள், சர்ச் வழிகாட்டியது என்பார்கள். உண்மைதான். ஆனால் என் அபிப்பிராயம், பணம் வந்தபிறகுதான் மதிப்பு வந்தது. கல்யாணச் சந்தையில் நர்ஸ் என்றால் முகம் சுளித்தவர்கள், ஜெர்மனியில் நர்ஸ் என்றதும் ஜாதகம் கேட்டார்கள். அதைப் பார்த்துத்தான் நம் பக்கமும் மெதுவாக மாறியது. ஊருக்கு ஊர் நர்சிங் கல்லூரி வந்தது. எலுமிச்சைத் தோட்டத்தை ஒத்திவைத்தாவது பிள்ளையைச் சேர்த்தார்கள்.

படித்து முடித்த பிள்ளைக்கு இங்கே என்ன கிடைத்தது என்பதற்கு எனக்குத் தெரிந்த துறையிலிருந்து ஓர் எண் சொல்கிறேன்: 7,700. தமிழ்நாடு அரசு 2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் தேர்வு வைத்து, ஆயிரக்கணக்கான செவிலியர்களை ஒப்பந்தத்தில் எடுத்தது. மாதம் 7,700 ரூபாய். 'தொகுப்பூதியம்' என்று அதற்குப் பெயர்.

அரசு வேலையில் இல்லாதவர்களுக்காக இந்தச் சொல்லை விளக்க வேண்டும். காலமுறை ஊதியம் என்றால் அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி, வீட்டு வாடகைப்படி, வருஷா வருஷம் இன்கிரிமென்ட், எல்லாம் உண்டு. தொகுப்பூதியம் என்றால் ஒரே தொகை. விலைவாசி ஏறினாலும் அது ஏறாது. பட்டியல் போடுகிற குமாஸ்தாவுக்குச் சுலபமான வேலை, ஒரு வரி எழுதினால் முடிந்தது. அதே வார்டில் அதே ஊசியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் நிற்கிற நிரந்தர செவிலியருக்கு அதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்று நம்பி வந்தவர்கள், இரண்டு வருஷம் கழிந்தும் ஆகவில்லை என்று 2017 நவம்பர் கடைசியில் சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டு உட்கார்ந்தார்கள். கைக்குழந்தையோடு வந்தவர்கள் இருந்தார்கள். உயர்நீதிமன்றம் வேலைநிறுத்தத்துக்குத் தடை விதித்தது. அடுத்த வருஷம் தொகை 14,000 ஆயிற்று, பிறகு 18,000. பட்டியலில் பெயர் மட்டும் அதே தொகுப்பூதியம்தான்.

அரசாங்கமே 7,700 கொடுத்தபோது, தனியார் ஆஸ்பத்திரிக்காரரிடம் போய் "ஏன் குறைத்துக் கொடுக்கிறீர்கள்" என்று யார் கேட்க முடியும்? 2012 மார்ச்சில் சென்னையில் சில பெரிய தனியார் ஆஸ்பத்திரிகளின் நர்ஸ்கள் சம்பளத்துக்காகவும் பாண்டு முறைக்கு எதிராகவும் வேலைநிறுத்தம் செய்தார்கள். உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில், தனியார் நர்ஸ்களின் நிலையைப் பார்க்கக் கமிட்டி போடும்படி மத்திய அரசுக்குச் சொன்னது. கமிட்டி சொன்னது இது: 200 படுக்கைக்கு மேல் உள்ள ஆஸ்பத்திரி அரசு நர்ஸுக்குச் சமமான சம்பளம் கொடுக்க வேண்டும், 50 படுக்கைக்குக் கீழே இருந்தாலும் 20,000-க்குக் குறையக்கூடாது. மாநிலங்களுக்குக் கடிதம் போயிற்று. கேரளத்தில் நர்ஸ்கள் தெருவில் இறங்கிய பிறகு 2018 ஏப்ரலில் 20,000 என்று அறிவிப்பே போட்டார்கள். மலைக்கு இந்தப் பக்கம், என் நண்பரின் மகள் கையில் ஒன்பதாயிரம்.

இப்போது பைக்குள் இருந்த காகிதங்களுக்கு வருகிறேன். பாண்டு பத்திரத்தில், இரண்டு வருஷம் முடியும் முன் நின்றால் ஐம்பதாயிரம் கட்ட வேண்டும், ஒரிஜினல் சர்டிபிகேட்டுகள் நிர்வாகத்திடமே இருக்கும் என்று இருந்தது. நான் வாசித்துவிட்டு, "ஏம்மா இதில் கையெழுத்துப் போட்டாய்?" என்றேன். "போடலைன்னா எக்ஸ்பீரியன்ஸ் கெடைக்காதே தாத்தா" என்றாள்.

அந்த ஒரு பதிலில் எனக்கு நிறைய விளங்கியது. சவூதிக்கோ வேறு வளைகுடா நாட்டுக்கோ போக இரண்டு வருஷ அனுபவச் சான்று வேண்டும். அதை வைத்துத்தான் அந்த நாட்டுப் பரீட்சைக்கும் சான்றிதழ் சரிபார்ப்புக்கும் மனுப் போட முடியும். அப்படியென்றால் இங்குள்ள ஆஸ்பத்திரியில் அவள் வாங்குவது ஒன்பதாயிரம் ரூபாயும் ஒரு கடிதமும். அந்தக் கடிதம்தான் பெரிய சம்பளம். அது நிர்வாகத்துக்கும் தெரியும். இவள் எப்படியும் போகிறவள், இவளுக்கு எதற்குக் கூட்டிக் கொடுப்பது என்று அவர்கள் நினைக்கிறார்கள். இங்கே கிடைப்பது போதவில்லை, போகாமல் என்ன செய்வது என்று இவள் நினைக்கிறாள். ஒன்று மற்றதைத் தாங்கிப் பிடிக்கிறது. நம் ஊரில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் போய்ப் படுக்கிற என் வயதுக்காரர்களுக்குக் கிடைப்பது எப்போதும் இரண்டு வருஷத்துக்குள் போகப்போகிற பிள்ளைகள்தான்.

மூன்றாவது காகிதம் ஏஜென்டின் சீட்டு. நாலரை லட்சம், முன்பணம் ஒரு லட்சம், ரசீது கிடையாது. நான் அவர்களுக்கு 2015-ல் கொச்சியில் நடந்ததைச் சொன்னேன். குவைத்துக்கு நர்ஸ் எடுக்க ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணம் அப்போது 19,500 ரூபாய். ஒரு நிறுவனம் ஆளுக்கு 19,50,000 வாங்கியது என்று சி.பி.ஐ. வழக்குப் போட்டது. இரண்டு சுழிதான் வித்தியாசம். குடிபெயர்வோரைக் காக்க நியமிக்கப்பட்ட அதிகாரியின் பெயரும் அந்த வழக்கில் இருந்தது. அதற்குப் பிறகுதான் மத்திய அரசு, வளைகுடா உள்பட 18 நாடுகளுக்கு நர்ஸ்களை அரசு நிறுவனங்கள் வழியாக மட்டுமே அனுப்ப வேண்டும் என்று உத்தரவு போட்டது.

பத்தொன்பது லட்சம் கடன் வாங்கிப் போனவள் எப்படித் திரும்பி வருவாள்? இதைத்தான் 2014-ல் ஈராக்கில் பார்த்தோம். திக்ரித் நகர ஆஸ்பத்திரியில் 46 இந்திய நர்ஸ்கள் சிக்கினார்கள். கேரளப் பெண்கள், கூட ஒரு தூத்துக்குடிப் பெண். சுற்றிலும் குண்டு விழுகிறது. மாதக்கணக்கில் சம்பளம் வரவில்லை. திரும்பி வாருங்கள் என்று தூதரகம் சொன்னபோது அவர்களில் பலர் தயங்கினார்கள். ஏஜென்ட் கடனையும் படிப்புக் கடனையும் வைத்துக்கொண்டு வெறுங்கையோடு எப்படி வருவது என்று தொலைபேசியில் வீட்டாரிடம் அழுததைப் பத்திரிகைகள் எழுதின. கடைசியில் ஆயுதம் தாங்கியவர்கள் மோசூலுக்குக் கொண்டுபோய், பிறகு விட்டார்கள். ஜூலை 5-ம் தேதி கொச்சியில் விமானம் இறங்கியது. 'டேக் ஆஃப்' என்று மலையாளத்தில் படமாகவும் வந்தது. குண்டைவிடக் கடன் பெரிய பயமாக இருந்திருக்கிறது என்பது என்னை ரொம்ப நாள் தொந்தரவு செய்தது.

ஒரு சின்ன விலகல். தமிழில் நர்ஸுக்குச் செவிலி என்று பெயர் வைத்தவர் யாரோ, சங்கப் பாடல்களிலிருந்து எடுத்து வைத்திருக்கிறார். அங்கே செவிலி என்றால் வளர்த்த தாய். காதலனோடு பாலை நிலம் தாண்டிப் போய்விட்ட மகளைத் தேடி, எதிரே வருகிறவர்களிடமெல்லாம் விசாரித்துக்கொண்டு நடப்பவள் அவள். பிரெஞ்சு வழியில் படித்துவிட்டு முப்பது வயதுக்கு மேல் சங்கத் தமிழ் படித்த எனக்கு இந்தப் பகுதி மிகவும் பிடிக்கும். இப்போது பாலைவனம் தாண்டிப் போவது செவிலியேதான். தேடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது கமிஷன் கடைக் கணக்கப்பிள்ளை.

ஏஜென்ட் சீட்டை மடித்துக் கொடுத்துவிட்டு, சென்னையில் உள்ள தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்துக்கு மனுப் போடச் சொன்னேன். 1978-லிருந்து இருக்கிற நிறுவனம். சேவைக் கட்டணம் 30,000, ஜி.எஸ்.டி. சேர்த்து 35,400. "அவ்வளவுதானா அண்ணாச்சி?" என்று நண்பர் இரண்டு தடவை கேட்டார். காத்திருக்க வேண்டும், பரீட்சை எழுத வேண்டும், அவ்வளவுதான் என்றேன். ஜெர்மனிக்கும் ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் அவளுக்கு அதில் ஒரு ஆசை. "தாத்தா, உங்களுக்கு பிரெஞ்சு தெரியுமே, ஜெர்மனும் அதே மாதிரிதானா?" என்று கேட்டாள். இல்லையம்மா, பக்கத்து வீடு, ஆனால் பேச்சுவார்த்தை கிடையாது என்றேன்.

சர்டிபிகேட்டை வாங்குவதுதான் பெரும்பாடாக இருந்தது. மாணவிகளிடமும் நர்ஸ்களிடமும் பாண்டு வாங்கக் கூடாது என்று இந்திய நர்சிங் கவுன்சில் சொல்லி வருஷங்கள் ஆகின்றன. நான் அதைக் குறிப்பிட்டு ஒரு மனு எழுதிக் கொடுத்தேன். நகல் கலெக்டருக்கும் தொழிலாளர் துறைக்கும் போவதாகக் கீழே போட்டேன். குமாஸ்தா உத்திதான், நகல் என்ற சொல்லுக்கு இன்னும் கொஞ்சம் பயம் இருக்கிறது. மூன்று மாதம் இழுத்தார்கள். கடைசியில் ஒரு மாதச் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டு சர்டிபிகேட்டைக் கொடுத்தார்கள். அனுபவக் கடிதத்தில் அவள் பெயரை எழுத்துப் பிழையோடு எழுதிக் கொடுத்தார்கள், அதைத் திருத்த இன்னொரு மாதம்.

அவள் ஜெர்மனி போகவில்லை. மொழி படித்துத் தேற ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும், கடன் காத்திருக்காது. சவூதிக்குப் போனாள். அரசு ஆஸ்பத்திரி, மாதம் நாலாயிரம் ரியாலை ஒட்டிச் சம்பளம். திருவனந்தபுரத்தில் விமானம் ஏற்றிவிட்டு ஆரியங்காவு வழியாகத் திரும்பி வரும்போது நண்பர் வண்டியில் ஒரு வார்த்தை பேசவில்லை. புளியரை செக்போஸ்ட் தாண்டியதும், "படிப்புக் கடன் ரெண்டு வருஷத்துல தீர்ந்துரும், அண்ணாச்சி" என்றார்.

போன வாரம் மூன்று மாத சர்க்கரைப் பரிசோதனைக்கு அதே ஆஸ்பத்திரிக்குப் போனேன். வேறு வழியில்லை, நடந்து போகிற தூரத்தில் அது ஒன்றுதான். சுரண்டைப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி புதிதாக வந்திருக்கிறாள். வலிக்காமல் ரத்தம் எடுத்தாள். எவ்வளவு நாளாக இங்கே இருக்கிறாய் அம்மா என்று கேட்டேன். பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "இன்னும் பதினாலு மாசம் இருக்கு தாத்தா" என்றாள்.